அமெரிக்க ஆட்சிமுறையும் அரசியலமைப்பும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குத் தயாராகும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டபோது, விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வந்தவர்கள் விடைகளை ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு, அந்த விடைகளுக்குப் பின்னால் இருக்கும் முறையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஊரில் பிரதமர், முதல்வர், சட்டமன்றம் என்று பார்த்துப் பழகிய கண்ணோடு அமெரிக்க ஆட்சியைப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. எந்தக் கேள்வி எழுந்தாலும் ‘இது யாருடைய அதிகாரம்?’ என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கீழே இருப்பவை பொதுவான விளக்கங்களே. சொந்த வழக்கு உள்ளவர்கள் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் நாலே பக்கம்தானாமே, உண்மையா?

உண்மைதான். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பிரதிநிதிகள் கையெழுத்திட்ட மூலப் பிரதி நான்கு பெரிய தோல் தாள்களில் அடங்கிவிடுகிறது. அதில் உள்ளவை ஏழு பிரிவுகள், ஏறத்தாழ 4,500 சொற்கள். முதல் பிரிவு சட்டம் இயற்றும் காங்கிரஸைப் பற்றியது. இரண்டாவது அதிபரைப் பற்றியது. மூன்றாவது நீதிமன்றங்களைப் பற்றியது. மாநிலங்களுக்கு இடையிலான உறவு, திருத்தும் முறை, சட்டங்களுக்குள் எது உயர்ந்தது என்பது, ஒப்புதல் பெறும் முறை ஆகியவை மற்ற நான்கில் வருகின்றன. பிற்காலத்தில் 27 திருத்தங்கள் சேர்ந்தன. அவற்றில் முதல் பத்தும் 1791-இல் ஒன்றாக ஏற்கப்பட்ட உரிமைகள் சாசனம்.

அளவு சிறியது என்பதற்காகப் படிப்பது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய அரசியலமைப்பு பக்கம் பக்கமாக விவரித்துச் சொல்வதை இது ஒரே சொற்றொடரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் சொற்றொடரின் பொருளை அறிய இருநூறு ஆண்டுத் தீர்ப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

காங்கிரஸ் என்பது கட்சியா, நாடாளுமன்றமா?

கட்சி அல்ல, இரு அவைகளும் சேர்ந்த சட்டமன்றத்தின் பெயர். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், ஈராண்டுப் பதவிக்காலம், மக்கள்தொகைப்படி இடங்கள். செனட்டில் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர், ஆறாண்டுப் பதவிக்காலம். ஏறத்தாழ 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள்தான். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள்தான். பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் 1787-இல் செய்துகொண்ட சமரசம் இது. இது இல்லாவிட்டால் சிறிய மாநிலங்கள் ஒன்றியத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டா.

செனட்டை நம் மாநிலங்களவையைப் போன்றது என்று நினைப்பவர்கள் இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். 1913-இல் 17-ஆவது திருத்தம் வந்தது முதல் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலும், நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் ஆகியோரின் நியமனத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஒப்புதல் தருவது செனட் மட்டுமே. அதில் கீழவைக்குப் பொதுவாகப் பங்கில்லை.

அதிபர்தான் எல்லாருக்கும் மேல் என்றால், அவர் விரும்பும் சட்டத்தை ஏன் நிறைவேற்ற முடிவதில்லை?

அவர் எல்லாருக்கும் மேல் என்பதே சரியில்லை. பிரதமர், அவையின் பெரும்பான்மையிலிருந்து வருகிறவர். பெரும்பான்மை போனால் அவரும் போவார். அமெரிக்க அதிபர் காங்கிரஸின் உறுப்பினரே அல்ல, அவருடைய அமைச்சர்களும் உறுப்பினர்களாக இருக்கக் கூடாது. காங்கிரஸை அவர் கலைக்க முடியாது; கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகக் காங்கிரஸும் அவரை அனுப்பிவிட முடியாது. இரு அவைகளும் எதிர்க்கட்சியின் கையில் இருக்க, அதிபர் நான்கு ஆண்டுகளையும் ஓட்டிமுடிப்பது அங்கே நடக்கக்கூடியதே.

மசோதா இரு அவைகளிலும் ஒரே வடிவில் நிறைவேறி அதிபரின் மேசைக்கு வந்ததும், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. அவர் கையெழுத்திட்டால் சட்டம். ஆட்சேபத்தோடு திருப்பி அனுப்பினால் அது வீட்டோ. ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அவர் மறுப்பை மீறியும் அது சட்டமாகும். எதுவும் செய்யாமல் வைத்திருந்தால், பத்து நாள் கழிந்ததும் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். ஆனால் அதற்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால், மசோதா அப்படியே செத்துப்போகும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்ற பொருளில் அதைச் சட்டைப்பை வீட்டோ என்பார்கள்.

பணமும் காங்கிரஸின் கையில்தான் இருக்கிறது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் நாடாளுமன்ற முறையில் அரசு கவிழும். இங்கே அரசு கவிழாது, அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாளும், 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாளும் நீடித்தன.

அதிக வாக்கு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்?

அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள் என்ற 538 பேர். காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகளும் செனட்டர்களும் உண்டோ அத்தனை தேர்வாளர்கள் அந்த மாநிலத்துக்கு. 435-உம் 100-உம் போக மீதி மூன்று, தலைநகர் வாஷிங்டனுக்கு 23-ஆவது திருத்தம் தந்தவை. 270 பெற்றவர் வென்றவர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில், ஒரு வாக்கு அதிகம் பெற்றாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் வென்றவருக்கே. ஆகவே ஒரு மாநிலத்தில் முப்பது லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்குவதும் முப்பது வாக்குகள் கூடுதலாக வாங்குவதும் பலனில் ஒன்றே. 2000-இல் புளோரிடாவின் 537 வாக்கு வித்தியாசம் நாட்டின் முடிவையே தீர்மானித்தது. 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். ஆனால் அப்போது தலைக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1824 தேர்தலில் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்படித்தான் அதிபரானார்.

ஒரு சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கலாம் என எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது?

எந்தப் பிரிவிலும் வெளிப்படையாக எழுதவில்லை. வகுப்பில் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் பதில் இதுதான். அந்த அதிகாரத்தை நீதிமன்றம் 1803-இல், ‘மார்பரி எதிர் மேடிசன்’ வழக்கில் அரசியலமைப்பிலிருந்தே தருவித்துக்கொண்டது. கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1801-இல் தேர்தலில் தோற்று விடைபெறும் நேரத்தில், அதிபர் ஜான் ஆடம்ஸ் தம் கட்சிக்காரர்கள் பலரைத் தலைநகர்ப் பகுதியின் சமாதான நீதிபதிகளாக நியமித்தார். செனட் ஒப்புதல் தந்தது, உத்தரவுகளில் கையெழுத்து விழுந்தது, முத்திரையும் குத்தியாயிற்று. ஆனால் சில உத்தரவுகள் உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் வெளியுறவுச் செயலரின் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. மறுநாள் பதவியேற்ற ஜெபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தார். உத்தரவு கிடைக்காதவர்களில் ஒருவரான வில்லியம் மார்பரி, புதிய வெளியுறவுச் செயலர் மேடிசன் மீது நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான் அந்த உத்தரவுகளை அனுப்பத் தவறிய முந்தைய வெளியுறவுச் செயலர். இன்றைக்கென்றால் அவர் விசாரணையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

கொடு என்று உத்தரவிட்டால் ஜெபர்சன் அதை மதிக்க மாட்டார், நீதிமன்றத்தின் மானம் போகும். வழக்கைத் தள்ளினால் பயந்துவிட்டார்கள் என்பார்கள். மார்ஷல் மூன்றாவது வழியைக் கண்டார். மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை உண்டு, உரிமை இருந்தால் பரிகாரமும் உண்டு, ஆனால் அதை முதல் நிலையிலேயே விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்படி அதிகாரம் தந்த 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவோடு முரண்படுவதால் செல்லாது. இரண்டு சட்டங்கள் முரண்படும்போது எது சட்டம் என்று சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்றும் எழுதினார். சின்ன அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கி, மிகப் பெரிய அதிகாரம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். ஜெபர்சனால் மீறுவதற்கு அந்தத் தீர்ப்பில் உத்தரவே இல்லை. மார்பரிக்குக் கடைசிவரை பதவி கிடைக்கவில்லை.

ஒன்பது நீதிபதிகள் என்பதாவது எழுதியிருக்கிறதா?

அதுவும் இல்லை. எண்ணிக்கையைக் காங்கிரஸ் சாதாரணச் சட்டத்தால் நிர்ணயிக்கிறது. 1789-இல் ஆறு பேர். இடையில் கூடியும் குறைந்தும் வந்து, 1869 முதல் ஒன்பதாக நிற்கிறது. 1937-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கூட்ட முயன்று, தம் கட்சியே ஒத்துழைக்காமல் தோற்றார். நீதிபதிக்கு வயது வரம்போ சட்டப் பட்டமோகூட அரசியலமைப்பில் கேட்கப்படவில்லை. நன்னடத்தை உள்ளவரை பதவி, அதாவது நடைமுறையில் ஆயுள் முழுவதும்.

பேச்சுரிமை முதல் திருத்தத்தில் இருக்கிறதே, முகநூலில் என் பதிவை நீக்கியது உரிமை மீறல் இல்லையா?

இல்லை. இங்குதான் ‘யாருடைய அதிகாரம்?’ என்ற கேள்வி மிகவும் உதவும். முதல் திருத்தம் ‘காங்கிரஸ் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது’ என்று தொடங்குகிறது. அது அரசைக் கட்டும் கயிறு. தனியார் நிறுவனத்தையோ வீட்டு உரிமையாளரையோ கட்டாது. அரசுப் பல்கலைக்கழகம் மாணவரைப் பேச்சுக்காகத் தண்டித்தால் அரசியலமைப்புக் கேள்வி எழும். தனியார் பல்கலைக்கழகம் அதையே செய்தால், வேறு சட்டம் அல்லது ஒப்பந்தம் ஏதேனும் உதவுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மாநில அரசு மட்டும் பேச்சைத் தடுக்கலாமா? ‘காங்கிரஸ்’ என்றுதானே இருக்கிறது?

கூர்மையான கேள்வி. ஒரு காலத்தில் பதில் ‘தடுக்கலாம்’ என்பதுதான். பால்டிமோர் நகராட்சி செய்த வேலைகளால் மணல் அடித்துவரப்பட்டுத் தம் துறைமேடை தூர்ந்து, கப்பல்கள் வர முடியாமல் போனதற்கு ஜான் பேரன் என்பவர் நட்டஈடு கேட்டார். தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் நட்டஈடு தர வேண்டும் என்கிற ஐந்தாம் திருத்தம் ஃபெடரல் அரசை, அதாவது மத்திய அரசை, மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலத்தை அல்ல என்று 1833-இல் தீர்ப்பாயிற்று.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் நிலையை மாற்றியது. எந்த மாநிலமும் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் உரிய சட்டவழி இன்றிப் பறிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அந்தச் ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்குள் உரிமைகள் சாசனத்தின் உரிமைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றம் கொண்டுவந்தது. 1961-இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன், வக்கீல் வைக்கப் பணமில்லை, அரசே தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே தருவோம் என்று மறுத்தார்கள். சிறையில் உட்கார்ந்து, சிறைத் தாளில் பென்சிலால் அவர் எழுதி அனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெருங்குற்ற வழக்குகளில் ஏழைக்கு வக்கீல் தருவது மாநிலங்களுக்கும் கட்டாயம் என்று 1963-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார்.

கைது செய்யும்போது போலீஸ் உரிமைகளைப் படித்துச் சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடியாமே?

சினிமாவில் பார்த்ததை நம்பிவிட்டோம். 1966-ஆம் ஆண்டின் மிராண்டா தீர்ப்பு சொல்வது இவ்வளவுதான்: காவலில் வைத்து விசாரிக்கும்போது, மௌனமாக இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லாமல் பெற்ற வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் சாட்சியமாக முன்வைக்க முடியாது. மற்ற சாட்சியங்கள் இருந்தால் வழக்கு தொடரும். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராண்டாவே மறுவிசாரணையில் வேறு சாட்சியங்களின் பேரில் மீண்டும் தண்டிக்கப்பட்டார். சாலையில் காரை நிறுத்திக் கேட்கும் சாதாரணக் கேள்விகள் பொதுவாகக் காவல் விசாரணை ஆகா.

நான் இன்னும் கிரீன் கார்டுதான். இந்த உரிமைகள் எனக்கு உண்டா?

பெரும்பாலானவை உண்டு. அரசியலமைப்பை வாசிக்கும்போது ‘நபர்’ என்று வருகிறதா, ‘குடிமகன்’ என்று வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். 14-ஆவது திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பை ‘எந்த நபருக்கும்’ மறுக்கக் கூடாது என்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்ற விதியின்கீழ், சுமார் 200 சீனர்களுக்கு மறுத்துவிட்டு, சீனர் அல்லாதவர்களுக்கு ஒருவர் தவிர அனைவருக்கும் அனுமதி தந்தார்கள். எழுத்தில் பாகுபாடு இல்லாவிட்டாலும் செயலில் இருந்தால் அது மீறலே என்றும், குடியுரிமை இல்லாதவர்க்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றும் 1886-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கு, ஃபெடரல் நீதிமன்ற ஜூரி போன்றவை குடிமக்களுக்கே உரியவை. தெரியாமல் வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்வது பின்னால் பெரிய சிக்கலைத் தரும்.

இங்கே பிறந்தால் குடியுரிமை தானாக வருகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை தேர்வு?

பிறப்பால் வருவது 14-ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியத்திலிருந்து வருகிறது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், சீனா சென்று திரும்பியபோது 1895-இல் கப்பலிலேயே தடுக்கப்பட்டார். அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று 1898-இல் தீர்ப்பாயிற்று. மனுச்செய்து பெறும் குடியுரிமையோ காங்கிரஸின் சட்டத்திலிருந்து வருகிறது. நிபந்தனைகளைக் காங்கிரஸ் வைக்கும், மாற்றும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்டுக்கு, அவர் சட்டத்தில் சொன்ன ‘வெள்ளையர்’ அல்லர் என்று கூறி 1923-இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது நீதிமன்றம் அல்ல. 1946-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம்.

அதிபர் போடும் நிர்வாக ஆணை சட்டம்தானே?

சட்டத்தின் பலம் அதற்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பலம் அரசியலமைப்பிலிருந்தோ காங்கிரஸின் சட்டத்திலிருந்தோ வர வேண்டும். கொரியப் போர் நடக்கையில், 1952 ஏப்ரலில் எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரும் என்று அஞ்சி, அதிபர் ட்ரூமன் ஆணையிட்டு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுத்தார். இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. நீதிபதி ஜாக்சன் அப்போது எழுதிய அளவுகோலையே இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்: காங்கிரஸ் துணை நின்றால் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் வாய்திறக்காதபோது அது இருட்டும் வெளிச்சமும் கலந்த நிலை, காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் மிகக் குறைவு. மேலும், ஓர் அதிபர் போட்ட ஆணையை அடுத்தவர் முதல் நாளிலேயே கிழித்தெறியலாம்.

எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி என்கிறார்களே, பிறகு ஏன் குடியேற்ற வக்கீல் தொடாதே என்கிறார்?

வக்கீல் சொல்வதைக் கேளுங்கள். ஆறாம் பிரிவின்படி ஃபெடரல் சட்டம் மாநிலச் சட்டத்துக்கு மேலானது. மாநிலம் தன் தண்டனையை நீக்கியிருக்கிறதே ஒழிய, ஃபெடரல் தடையை நீக்க அதற்கு அதிகாரம் இல்லை. 2005-இல் கலிபோர்னியாவின் மருத்துவக் கஞ்சா வழக்கில் இது உறுதியானது. அதேசமயம் ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்தும்படி மாநிலக் காவலரை வாஷிங்டன் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதனால்தான் கடைகள் திறந்திருக்கின்றன. ஆனால் குடியேற்றமும் குடியுரிமையும் முழுக்க ஃபெடரல் விவகாரங்கள். அங்கே மாநிலச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இம்பீச் செய்யப்பட்டும் அதிபர் எப்படிப் பதவியில் இருந்தார்?

இம்பீச்மென்ட் என்பது குற்றச்சாட்டு மட்டுமே. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் முடிவு செய்தால்தான் பதவி போகும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் 35–19 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் தப்பினார். பில் கிளின்டன் ஒருமுறையும் டிரம்ப் இருமுறையும் குற்றம் சாட்டப்பட்டு, செனட்டில் தப்பினார்கள். நிக்சன் இந்தப் பட்டியலில் இல்லை. சபை வாக்களிக்கும் முன்பே 1974-இல் அவர் விலகிவிட்டார்.

இந்தியாவில் அரசியலமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பை’ மாற்ற முடியாது என்று தீர்ப்பு உண்டு. அங்கே திருத்தத்துக்கு எல்லை இருக்கிறதா?

ஊரில் வக்கீல் தொழில் செய்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டது இது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்ததைப் போன்ற கோட்பாடு அமெரிக்காவில் இல்லை. அங்கே காவல், வழிமுறையின் கடினத்தில் இருக்கிறது: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு முன்மொழிய வேண்டும், பின் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்று 38 மாநிலங்கள், ஏற்க வேண்டும். மாநிலங்கள் கேட்டு மாநாடு கூட்டும் இன்னொரு வழி இதுவரை பயன்பட்டதே இல்லை. அதிபரின் கையெழுத்து இதில் தேவையில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற 27-ஆவது திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு, 1992-இல்தான் நிறைவேறியது. கிடப்பில் கிடந்த அதை எழுப்பியது டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடங்கிய கடித இயக்கம். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு வகுப்பில் கிடைத்தது ‘சி’ மதிப்பெண்.

ஆனால் ஓர் எல்லை எழுத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் பிரிவின் கடைசி வரி, எந்த மாநிலத்தையும் அதன் சம்மதம் இல்லாமல் செனட்டில் சம வாக்கிலிருந்து விலக்க முடியாது என்கிறது. மேலே சொன்ன வயோமிங்கின் இரண்டு செனட்டர்களைக் குறைக்க வேண்டுமானால், மற்ற 49 மாநிலங்களும் ஒன்றுசேர்ந்து கையெழுத்திட்டாலும் போதாது. வயோமிங்கும் சரி என்று சொல்ல வேண்டும்.